கூட்டைக் கழித்தவன்

பாவூர்சத்திரம் சந்தையில் எனக்குச் சொந்தமாகக் கமிஷன் கடை இருக்கிறது. வடகரையில், பாறைதான் கிடக்கிறது என்று நாலு பேர் கைவிட்ட நிலத்தை வாங்கி, இரண்டு கிணறு பொய்த்து, மூன்றாவது கிணற்றில் தண்ணீர் கண்டு தென்னை வைத்தேன். இன்றைக்கு அந்தத் தோப்புக்குள் உச்சி நேரத்தில் நின்றாலும் சட்டையில் வெயில் விழாது. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு விடுதி கட்டினேன். அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டிய அன்றைக்கே சாரல் பிடித்துக் குழியெல்லாம் குளமாகி, "அண்ணாச்சி, இந்த இடம் வேண்டாங்குது" என்று கொத்தனார் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வேறு கொத்தனாரை வைத்துக் கட்டினேன். லாரி ஓட்டத் தெரியாமலேயே மூன்று லாரிக்கு முதலாளி ஆனேன். மூத்த மகளை மருந்துப் படிப்பு படிக்க வைத்தேன். தென்காசியில் அவளுக்கு மருந்துக்கடை இருக்கிறது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மட்டம்.

இவ்வளவையும் ஏன் முதலிலேயே சொல்லுகிறேன் என்றால், இனிமேல் சொல்லப்போகிற கதையில் நான் இப்படி நெஞ்சை நிமிர்த்தி நிற்க முடியாது. அதனால் முன்கூட்டியே நின்றுகொண்டேன்.

கதை என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. அப்பா பட்டாளத்தில் இருந்ததால் அம்மாவும் நானும் அச்சன்புதூரில் மாமா வீட்டில்தான் இருந்தோம். மாமாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அத்தை முழுகாமல் இருந்தாள்.

மாமாவுக்குப் பாவூர்சத்திரம் சந்தையில் ஏலம் கூறுகிற வேலை. அன்றைக்கு மைக் எல்லாம் கிடையாது. விவசாயிகள் பஸ் கூரையிலும் மாட்டு வண்டியிலும் காய் கொண்டுவந்து குவிப்பார்கள். உள்ளூர் வியாபாரிகளும் கேரளத்து வியாபாரிகளும் சுற்றி நிற்பார்கள். மாமா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி "ஒரு தரம்" என்று ஆரம்பித்தால் ரயில்வே கேட்டில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அவ்வளவு குரல். அந்தக் குரலில் ஒரு பழக்கமும் இருந்தது. "ரெண்டு தரம்" சொன்ன பிறகு ஒரு மூச்சு நிறுத்துவார். காய் கொண்டுவந்த விவசாயியின் முகத்தைப் பார்ப்பார். முகம் வாடியிருந்தால் மூன்றாம் தரத்துக்குப் போகமாட்டார். மறுபடியும் "ரெண்டு தரம்" என்பார். வியாபாரிகள் சண்டைக்கு வருவார்கள்.

"ஏய்யா, ஒரு ஏலத்துக்கு எத்தனை ரெண்டாந்தரம்?"

"நான் எண்ணப் படிக்கலை அண்ணாச்சி. நீரு படிச்சவரு, மேல கேட்டுட்டு நீரே எண்ணும்."

சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்பார்கள். விவசாயியின் முகம் தெளியும். அப்புறம்தான் மூன்றாம் தரம். எங்கள் பக்கத்து விவசாயிகள் மாமா நிற்கிற கடை எது என்று பார்த்துத்தான் மூட்டையை இறக்குவார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் சாப்பிடச் சாப்பிட இளைத்தார். சாப்பிட்ட அரைமணி நேரத்தில் வயிற்றில் ஒரு வலி கிளம்பி முதுகுக்குப் போகும். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு முழங்காலிட்டுக் கிடப்பார். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் வெளிக்கு எண்ணெயாகப் போனது. ஊரில் நாக்குக்கு எலும்பு உண்டா? குடித்துக் கெட்டான் என்றார்கள். மாமா கள்ளுக்கடைப் பக்கம் நிழலுக்குக்கூட ஒதுங்கியவர் இல்லை. தென்காசியில் இரண்டு டாக்டர் பார்த்துவிட்டுத் திருவனந்தபுரம் போகச் சொன்னார்கள்.

அத்தையைத் தனியே விட்டு அம்மாவால் வர முடியாது. ஆகவே மாமாவுக்குத் துணை நான். எனக்குப் பத்து வயது. வீட்டில் என்னைத் துணை என்றுதான் சொன்னார்கள். நான் என்னை மொழிபெயர்ப்பாளன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. சாரல் காலத்தில் அம்மா குற்றாலத்துக்குப் பழக்கூடை எடுத்துப் போவாள். மங்குஸ்தான், ரம்புட்டான். கூட நான் போய்க் கூவுவேன். மலையாளத்திலிருந்து குளிக்க வருகிறவர்களைப் பார்த்து, "சேச்சீ, நல்ல பழமா, தின்னான் கொள்ளாம்" என்பேன். அவர்கள் கன்னத்தைக் கிள்ளி வாங்கிப் போவார்கள். எண்ணிக்கை தெரியும், வா போ தெரியும், நல்லது கெட்டது தெரியும். அவ்வளவுதான் என் மலையாளம். ஆனால் அச்சன்புதூரில் எனக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு என்று பேர். அந்தப் பேரைப் பரப்பியவனும் நானே.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தோம். படம் எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறதாம், சோற்றைக் கரைக்கிற நீர் அங்கேதான் சுரக்கிறதாம், மாமாவுக்கு அதில் கல் விழுந்திருக்கிறதாம். சுரக்காத நீருக்குப் பதிலாக ஒரு மருந்து தருகிறோம், ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும் என்று பெரிய டாக்டர் மாமாவிடம் பாதித் தமிழில் சொன்னார். எப்படிச் சாப்பிடுவது என்பதை மருந்து கொடுக்கிற ஜன்னலில் சொல்வார்கள் என்று சீட்டு எழுதினார்.

மூன்று நாள் பரிசோதனைக்காகப் பட்டினி போட்டதில் மாமாவுக்குக் கிறுகிறுத்தது. பெஞ்சில் சாய்ந்துவிட்டார். சீட்டை என் கையில் கொடுத்தார். நான் வரிசையில் நின்றேன். ஜன்னல் எனக்கு உயரம். எக்கி நின்று சீட்டை நீட்டினேன். உள்ளே இருந்தவர் மருந்தை எண்ணிக் காகித உறையில் போட்டார். ஒரு கேப்சூலை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். பாதி சிவப்பு, பாதி கண்ணாடி போல. உள்ளே இருந்த பொடி தெரிந்தது.

"ரெண்டெண்ணம் வீதம். சோறின்டெ கூடெ கழிக்கணம். மனஸிலாயோ?"

"மனஸிலாயி சாரே" என்றேன். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் என் மலையாளத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் காதில் விழுந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அவர் கையில் தூக்கிப் பிடித்திருந்ததோ பொடி அடைத்த கூடு. வாயால் சொன்னதோ கூடெ. கூட்டைக் கழிக்க வேண்டும் என்கிறார். படித்தவர்கள் கேட்பார்கள், கூட்டை என்றுதானே வரும், கூடெ என்று எப்படி வரும் என்று. மலையாளத்துக்காரர்கள் எல்லாச் சொல்லையும் கொஞ்சம் வழுக்கித்தான் பேசுவார்கள் என்பது அன்றைக்கு என் இலக்கணம். கழிப்பது என்றால் எனக்கு நன்றாகவே தெரியும். அம்மா கத்தரிக்காயில் சொத்தையைக் கழிப்பாள். சந்தையில் அழுகலைக் கழிப்பார்கள். வேண்டாததை எடுத்து எறிவது. பழம் வாங்குகிற மலையாளத்துக்காரர்கள் என்னிடம் தின்பது பற்றித்தான் பேசியிருந்தார்கள். சோறும் மருந்தும் சாப்பிடுவதற்கு அவர்கள் சொல்லுகிற சொல்லே கழிப்பது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. கூடெ என்றால் கூட, சேர்த்து. சோற்றோடு சேர்த்துச் சாப்பிடு. அவர் சொன்னது அவ்வளவுதான்.

மாமா கண்ணைத் திறந்து, "என்னலே சொன்னாரு?" என்றார்.

"கூட்டைக் கழிச்சிட்டு உள்ள இருக்கத மட்டும் சோத்தோட திங்கணுமாம் மாமா. ரெண்டு ரெண்டு."

"கூட்டையா?"

"ஆமா மாமா. அது பிளாஸ்டிக்கு. வயித்துக்குள்ள போனா ஒட்டிக்கிடுமாம்."

பிளாஸ்டிக்கை ஜன்னல்காரர் சொல்லவில்லை. மாமா சந்தேகமாகப் பார்த்தாரே என்று நானாகச் சேர்த்தது. ஒரு பேச்சைச் சொன்னால் அது நிற்கும்படி முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிற குணம் எனக்கு அப்போதே இருந்தது. அந்தக் குணத்தால் பிற்பாடு நிறையச் சம்பாதித்தேன். அன்றைக்கு அது மாமாவின் தொண்டையில் போய் நின்றது.

வீட்டில் அம்மா விஷயத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். பொடியாக இருக்கிற எந்த மருந்தையும் எங்கள் வீட்டில் வெறும் வாயில் போடுவதில்லை. குற்றாலத்து மலைத்தேனில் குழைத்து, நாக்கில் வைத்து, ஊறவிட்டு, மெல்ல மெல்ல இறக்க வேண்டும். சூரணம் எல்லாம் அப்படித்தான். மடக்கென்று விழுங்கினால் மருந்து கோபித்துக்கொள்ளும். அதனால் வேளைக்கு இரண்டு கேப்சூலை நான் பிரிப்பேன். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் டப்பென்று ஒரு சின்னச் சத்தம். உள்ளங்கைத் தேனில் பொடியைக் கொட்டி ஆள்காட்டி விரலால் குழைப்பேன். காய்ந்த தோல் போல ஒரு வாடை வரும். மாமா அதை நாக்கில் வாங்கி, கண்ணை மூடி, அம்மா "இப்ப இறக்கு" என்று சொல்லுகிற வரை வாயிலேயே வைத்திருப்பார். டாக்டரின் மருந்தையும் வைத்தியரின் பத்தியத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டதில் அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி.

மருந்துக்கு வயிறு கேட்டது. வலி பாதியாகக் குறைந்தது. தலையணையைத் தேடுவது நின்றது. ஆனால் பத்து நாளில் மாமா செருமத் தொடங்கினார்.

"தொண்டையில உமி ஒட்டுனாப்ல இருக்குக்கா."

"தேன் கூடச் சேத்துக்கோ."

கூடச் சேர்த்தோம். உமி முள்ளானது, முள் நெருப்பானது. நாக்கின் ஓரம் சிவந்து வெடித்தது. உதடு வெந்தது. ரசம் ஊற்றினால் கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்து உள்ளே வேலை செய்கிறது, அதுதான் எரிகிறது என்று அம்மா தைரியம் சொன்னாள்.

இங்கே நான் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழைக்கிற என் விரலின் நுனியும் வெந்திருந்தது. தோல் மெல்லிசாக உரிந்து, உப்புப் பட்டால் சுரீர் என்றது. ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, முள் குத்திவிட்டது என்றேன். உண்மையைச் சொன்னால் கேப்சூல் பிரிக்கிற வேலையை அத்தைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே உத்தியோகம் அது.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள் மாமாவுடன் சந்தைக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கத்தரிக்காய். மாமா பெட்டிமேல் ஏறினார். "ஒரு தரம்" கொஞ்சம் கரகரத்தது. "ரெண்டு தரம்" இரண்டாகப் பிளந்து, பாதி கீச்சென்று மேலே போனது, பாதி உள்ளேயே நின்றுவிட்டது.

"என்ன அண்ணாச்சி, தொண்டைக்குள்ள கோழி முட்டையிடுதோ?" என்றார் ஒரு வியாபாரி.

"அடை வச்சிருக்காரு போல. சத்தம் போடாதியும், பொரிச்சிரும்" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். மறுபடியும் கூறினார். கூட்டத்துக்குப் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்காதவன் எப்படி ஏற்றிக் கேட்பான்? முன்னால் நின்றவன் கேட்ட விலைக்கே கத்தரிக்காய் முடிந்தது. அந்த ஊர்க்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். மாமா பெட்டியிலிருந்து இறங்காமல் அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் கடை முதலாளி மாமாவை அழைத்தார். முதலாளி நல்லவர்தான். "கொஞ்ச நாளைக்குத் தராசுல நில்லும். தொண்டை ஆறுனதும் ஏறிக்கிடும்" என்றார். பெட்டிமேல் முதலாளியின் மச்சினன் ஏறினார். அவருக்கும் குரல் இருந்தது. ஆனால் நடுவில் மூச்சு நிறுத்துகிற பழக்கம் கிடையாது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் மூன்றும் ஒரே சொல்லாக வந்து விழும்.

மாமா மருந்தை நிறுத்தினார். நாலே நாளில் தொண்டை கொஞ்சம் தெளிந்தது, வயிறு பிடித்துக்கொண்டது. மறுபடியும் தொடங்கினார். வயிறு விட்டது, தொண்டை போனது. இப்படியே இரண்டு மாதம். வயிற்றைக் காப்பாற்றினால் பிழைப்பு போகும், பிழைப்பைக் காப்பாற்றினால் உயிர் போகும். ஒரு நாள் மாமா மருந்து உறையைத் தூக்கி எறியப் போனபோது அத்தை குறுக்கே வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"எனக்கு ஏலம் கூறுத மனுசன் வேண்டாம். ஊமையா இருந்தாலும் போதும், உசுரோட இரிங்க."

மாமா நாக்கை நீட்டினார். நான் தேன் குழைத்து வைத்தேன்.

அப்புறம் சாரல் பிடித்தது. அம்மாவும் நானும் பழக்கூடையோடு குற்றாலம் போனோம். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த ஒரு மலையாளத்துக் குடும்பம் எங்கள் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தது. அதில் ஒரு அம்மாள், ஈரத் தலையோடு, கொண்டுவந்த வாழையிலைப் பொதிகளைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

"மோன் சோறு கழிச்சோ?" என்றார்.

சோற்றை எதற்குக் கழிக்க வேண்டும்? நல்ல சோற்றை யாராவது எறிவார்களா? "இல்ல, இல்ல" என்றேன் அவசரமாக. அந்த அம்மாள் அய்யோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து ஒரு பொதியை மடியில் வைத்தார். "கழிக்கு மோனே."

நான் பொதியைப் பார்த்தேன். கழிக்கச் சொல்லுகிறாரே, சரி என்று கறிவேப்பிலையைப் பொறுக்கி ஓரமாக வைத்தேன். வற்றலை எடுத்து வைத்தேன். மீன் துண்டில் முள்ளைத் தேடினேன். அந்தக் குடும்பமே என்னைப் பார்த்துச் சிரித்தது.

"எல்லாம் கழிக்கணம் மோனே, ஒந்நும் களயருது."

கழிக்கணுமாம், களையக் கூடாதாம். நான் விழித்தேன். அவர் தன் பொதியில் ஒரு பிடி எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று, என் இலையைக் காட்டி மறுபடியும் சொன்னார். "இங்ஙனெ. கழிக்கு."

ஒரு வாய் எடுத்துப் போட்டேன். அது வாயில் இருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. சோறின்டெ கூடெ கழிக்கணம். ஜன்னலும், தூக்கிப் பிடித்த கேப்சூலும், பெஞ்சில் சாய்ந்து கிடந்த மாமாவும் கண்முன்னே வந்தார்கள். வாயில் இருந்த சோறு இறங்கவில்லை. அந்த அம்மாள் காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

வீடு வரும்வரை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நான் தப்பாகச் சொன்னேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். பத்து வயதில் எனக்கு ஊரில் இருந்த சொத்து என் மலையாளம் ஒன்றுதான். அதை விட மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு கேப்சூலை எடுத்து வெந்நீரில் போட்டேன். சற்று நேரத்தில் கூடு வழுவழுத்துக் கரைந்தது. டம்ளரைத் தூக்கிக்கொண்டு நடுவீட்டுக்குப் போனேன். விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன்.

"மாமா, நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். இந்தப் பொடிதான் என் விரலை அரிச்சிருக்கு. அப்பம் ஒங்க தொண்டையையும் இதுதானே அரிக்கும்? கூட்டோட முழுங்குங்க. கூடு வயித்துக்குள்ள போய்த்தான் கரையும்."

அம்மா வாயைப் பிளந்தாள். அத்தை என் விரலைப் பார்த்து, "ஏ அய்யா, இப்படி வெந்து கெடக்கே" என்று பதறினாள். என் மூளையை எண்ணி எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த நேரத்தில் நான் சொன்னதை நானே நம்பிவிட்டேன்.

மாமா என் கையைப் பிடித்து விரலை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு காற்றுப் போல வந்த குரலில் கேட்டார்.

"ஜன்னல்ல அந்தாளு சொன்ன வார்த்தை நெனவிருக்கா? அப்படியே சொல்லு, பாப்போம்."

எனக்கு ஞாபகசக்தி அதிகம். உச்சரிப்பு வேறு நன்றாக வரும். "சோறின்டெ கூடெ கழிக்கணம்" என்று அந்த ஆளைப் போலவே தலையை ஆட்டிச் சொன்னேன்.

மாமா சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் கண்ணில் நீர் கொட்டியது. அத்தை முதுகைத் தடவினாள். ஆறிய பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"இவன் அன்னைக்கே சரியாத்தான்க்கா சொன்னான். கூட்டைக் கழிக்கணும்னு நாந்தான் மயக்கத்துல தப்பா வாங்கிக்கிட்டேன்."

"பிளாஸ்டிக்குன்னு இவந்தானலே சொன்னான்?" என்றாள் அம்மா.

"அதுவும் நாஞ்சொன்னதுதான்க்கா."

அத்தைக்கு வந்ததே கோபம். "காதுல என்ன பஞ்சா வச்சிருந்திய? ரெண்டு மாசம்! ரெண்டு மாசமா ஒங்க தொண்டையை நீங்களே தின்னுருக்கிய!" மாமா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அத்தைக்குத் தெரியாமல் என் விரலில் தேங்காயெண்ணெய் தடவினார்.

மாமாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். நோயாளிக்கு அப்படி வரும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். நல்ல வேளை, தப்பித்தோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு நடுவில் முழுக் கேப்சூல், பின்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீர். பத்தே நாளில் உதடு ஆறியது. ஒரு மாதத்தில் ரசம் இறங்கியது. உடம்பு தேறியது. பேச்சுக் குரல் வந்தது. ஏலக் குரல் வரவில்லை. புண்ணோடு கத்தியதிலும் மறுபடி மறுபடி வெந்ததிலும் உள்ளே தழும்பு விழுந்துவிட்டது என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். முதலாளி வாக்குத் தவறாமல் ஒரு நாள் மாமாவைப் பெட்டிமேல் ஏற்றினார். மாமா ஒரு தரம் சொன்னார், ரெண்டு தரம் சொன்னார், வழக்கம் போல மூச்சு நிறுத்தி விவசாயியின் முகத்தைப் பார்த்தார். நிறுத்திய மூச்சு குரலாகத் திரும்பவில்லை. வாய் அசைந்தது. கூட்டத்தில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மாமா இறங்கித் தராசுக்குப் போனார். அதன்பிறகு அவர் அந்தப் பெட்டிமேல் ஏறவே இல்லை.

நானோ புத்திசாலி ஆகிவிட்டேன். பத்து வயதில் மாமன் உயிரைக் காப்பாற்றிய பயல் என்று கல்யாண வீட்டிலும் கோயில் கொடை விழாவிலும் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நான் சொல்வேன். சந்தையில் என்னை முதன்முதலில் வேலைக்குச் சேர்த்ததே அந்தப் பேருக்காகத்தான். அத்தை கடைசி வரை, "காது கேக்காத மனுசன், கையில இருந்த குரலைத் தொலைச்சிட்டாரு" என்று மாமாவைச் சொல்லிக் காட்டுவாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன்.

எனக்கென்று கடை வைத்த பிறகு மாமாவை என் கடைத் தராசுக்கு அழைத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் கொல்லத்துக்காரரான லாரி டிரைவர் ஒருவர் உள்ளே வந்து, "அண்ணாச்சி, ஊணு கழிச்சோ?" என்று கேட்டார். மாமா படிக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே "கழிச்சு, கழிச்சு. நிங்ஙளோ?" என்றார்.

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மாமா கேரளத்து வியாபாரிகளோடு பேசுகிறவர். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் அவரைக் கழிச்சோ என்று கேட்டிருப்பார்கள். அப்படியென்றால் அன்றைக்கு நான் தலையை ஆட்டி அந்த வரியைச் சொன்ன நிமிஷமே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் தொண்டையை வேக வைத்தது யார், கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு நிற்பது யார், எல்லாம். வெந்த விரலைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பழியை யார் சுமக்க முடியும் என்று அந்த இருமலுக்குள்ளேயே முடிவு செய்திருக்கிறார். பத்து வயதுப் பயல் அதை மறதி என்று நினைத்தான்.

அன்றைக்காவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் மகள் மருந்துக்கடை வைத்த பிறகு ஒரு நாள் அவளிடம் அந்த மருந்தைப் பற்றி விசாரித்தேன். "அந்தப் பொடிக்குச் சோறு எது, நாக்கு எதுன்னு தெரியாதுப்பா. பட்ட இடத்தைக் கரைக்கும். அதுக்குத்தான் கூடு" என்றாள். யாருக்கு என்று அவள் கேட்டாள். சும்மாதான் என்றேன்.

மாமா போன வருஷம் தவறிப்போனார். கேப்சூலைக் கடைசி நாள் வரை முழுசாகவே விழுங்கினார். இப்போது முதல் வருஷ நினைவுக்கு மாமா மகன் ஒரு நினைவு மலர் அச்சிடுகிறான். அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்று என்னைக் கேட்டு, அச்சுக்குப் போக வேண்டிய தாள்களையும் அனுப்பியிருந்தான். மகளை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நாலாம் பக்கத்தில் இரண்டு வரி இருக்கிறது. "மருந்து உண்ணும் முறையைத் தாமே தவறாகப் புரிந்துகொண்டு தம் குரலை இழந்தார். தமக்கை மகனின் கூர்மதியால் உயிர் பிழைத்தார்."

மாப்பிள்ளை, உன் மலரில் அந்த இரண்டு வரியையும் அடித்துவிடு. மலர் வெளியிடுகிற அன்றைக்கு மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகக் கேள்விப்பட்டேன், அதையும் நிறுத்து. நாலாம் பக்கத்தில் என் பேரைப் போடு. தகப்பன் பேரோடு, ஊரோடு, முழுசாகப் போடு. கூட்டைக் கழிக்கச் சொன்னவன் இவன், பிளாஸ்டிக் என்று பொய் சேர்த்தவன் இவன், தெரிந்த பிறகும் வாயைத் திறக்காதவன் இவன் என்று எழுது. சின்ன எழுத்தில் போட்டு ஒப்பேற்றாதே. நான் செய்த எந்தக் காரியத்தையும் அடுத்தவர் பேரில் எழுத விட்டவன் இல்லை நான். உன் அப்பா இத்தனை வருஷமாகத் தன் பேரில் வைத்திருந்தது என்னுடையது. அதை எனக்குக் கொடு.